கூற்றுவரும் தில்லைவாழ் அந்தணரும்

களந்தைக் கோனாகிய கூற்றுவர் வேந்தரை வென்று நாடு கொண்டு, முடி சூட்டுமாறு தில்லைவாழ் அந்தணரை வேண்டுகின்றார். சோழர் குலத்தார்க்கன்றிச் சூட்டோம் என மறுத்த அவர்கள், பூசைக்கு ஒரு குடியை நிறுத்திச் சேரநாடு செல்கின்றனர். கூற்றுவரோ இறைவன் திருவடியையே முடியாக வேண்டிக் கனவிற் பெறுகின்றார். பெரியபுராணம் கூறும் இவ்வரலாற்றைக் களப்பிரர் காலப் பதிவாகக் கொள்வாரும் உளர். அக்கொள்கை ஆராயத்தக்கது.

கொங்கு நாட்டு அவிநாசியையும் திருமுருகன்பூண்டியையும் பாடிய சுந்தரர், திருத்தொண்டத்தொகையில் இவரை வேலேந்திய களந்தைக் கோன் என்ற அளவிலேயே குறித்தார். நம்பியாண்டார் நம்பி, களப்பாளன் என்னும் பெயரையும் திருவடி முடியான செய்தியையும் சேர்த்தார். அந்தணர் மறுப்போ இவ்விரு நூல்களிலும் இல்லை. 12ஆம் நூற்றாண்டினராகிய சேக்கிழாரிடமே உள்ளது. செவிவழிச் செய்தியேயாயினும், அதனைத் தேர்ந்து காவியத்துள் அமைத்தவர் அவரே. எனவே, அது களப்பிரர் காலத்தினும் அவர் காலத்தையே மிகுதியும் உணர்த்தும். அவர் போற்றிய அநபாயனின் பாட்டன் முதற் குலோத்துங்கன், தந்தை வழியிற் கீழைச் சாளுக்கியன்; தாய் வழியிலேயே சோழன். அவன் 1070இல் சோழ அரியணை ஏறினான். ஆதலின், முடிக்குரிய குலம் எது என்னும் வினா அக்காலத்தார்க்குப் புதிதன்று.

உரோம வரலாற்றில் ஒப்புமை ஒன்று உண்டு. 383இல் பேரரசன் கிரேசியன் கொல்லப்பட, மாக்சிமசு அரசைக் கவர்ந்தான். தூர் நகர ஆயர் மார்ட்டின் அவன் விருந்தை முதலில் மறுத்தார். படைவீரரே முடியைத் தன்மேற் சுமத்தினர், வெற்றி இறைவன் செயல் என அவன் கூறியபின் இசைந்தார். எனினும், விருந்தில் தம்மிடம் வந்த கிண்ணத்தை அரசனுக்கு அளியாது தம்முடன் வந்த குருவுக்கே அளித்தார். இதனை எழுதிய சுல்பீசியசு செவெரசு, 388இல் மாக்சிமசு வீழ்ந்தபின் எழுதியவர். தோற்றவனைக் கவர்ந்தோன் என்றல் அவர்க்கு எளிது.

சேக்கிழார் நிலை அத்துணை எளிதன்று. கூற்றுவர் வென்றவர், அடியாருமாவார். ஆதலின், சடங்குரிமையை அந்தணர்க்கும் அருளுரிமையை இறைவனுக்கும் பிரித்து வைத்தார். ஆயர் இறைவன் தீர்ப்பைத் தாமே உரைப்பார். தில்லை அந்தணர் மரபை மட்டுமே உரைத்தனர். மறுத்தவரையும் பழியாது, மறுக்கப்பட்டவரையும் இழியாது நிறுத்திய இந்நடுநிலையே இப்புராணத்தின் சிறப்பு என்க.