சென்ஸாரைப் பாருங்கள்

2012-ல் வந்த சோனி ஆர்எக்ஸ்100 காமிராவை செகண்ட்ஹாண்டில் வாங்கலாமா என்று ஒரு வாசகர் கேட்கிறார். 20 மெகாபிக்ஸல் என்பதை மறந்துவிடுங்கள். விஷயம் சென்ஸாரில். 13.2-க்கு 8.8 மில்லிமீட்டர், அன்றைய சாதா பாக்கெட் காமிராக்களைப் போல நான்கு மடங்கு பரப்பு. எஃப் 1.8 லென்ஸும் சேர்ந்துகொள்ள, மங்கின கல்யாண மண்டபத்தில்கூட ஃப்ளாஷ் இல்லாமல் முகம் முகமாகவே வரும். 240 கிராம்தான்; சட்டைப்பையில் போடலாம், கொஞ்சம் தொங்கும்.

ஜூம் பண்ணினால்தான் வினை. லென்ஸ் 4.9-க்குச் சுருங்கி, வெளிச்சம் ஏழில் ஒரு பங்காகிறது. ஆண்டு விழாவில் கடைசி வரிசை அப்பாக்கள் எழுந்து முன்னால் போகத்தான் வேண்டும். வ்யூஃபைண்டர் கிடையாது. உடம்பு சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும் (ஸ்ட்ராப் அவசியம்). வைஃபையும் இல்லை, எடுத்த கையோடு வாட்ஸப்பில் போடுகிறவர்களுக்கு செல்போனே போதும். பிரிண்ட் போட்டு ஆல்பம் வைக்கிற ஜாதி என்றால் தாராளமாக வாங்குங்கள், பத்துத் தடவை ஆன்-ஆஃப் செய்து லென்ஸ் ஒழுங்காக உள்ளே போய் வருகிறதா என்று பார்த்துவிட்டு.