முதுகுளத்தூர் எத்தனை எழுத்து?

அக்கா மகன் தன் மடிக்கணினியின் கறுப்புத் திரையில் பைத்தானைத் திறந்து, எங்கள் ஊர்ப் பெயரைக் கொடுத்து, நீளம் எவ்வளவு என்று கேட்டான். 13 என்றது. அடுப்படியிலிருந்து வந்த என் அம்மா விரல் மடக்கி எண்ணினார்: மு, து, கு, ள, த், தூ, ர். "ஏழுதானய்யா வருது. உன் மிஷினு பள்ளிக்கூடம் போகலையா?"

"அது வேற மாதிரி எண்ணுது அம்மாச்சி" என்று சிரித்தான்.

வேறு மாதிரிதான். யூனிகோடில் 'மு' என்பது மகரமும் அதன் உகரக் குறியுமாக இரண்டு. 'ர்' என்பது ரகரமும் புள்ளியுமாக இரண்டு. முதுகுளத்தூரில் நான்கு உயிர்க்குறியும் இரண்டு புள்ளியும் இருக்கின்றன. அந்த ஆறையும் தனித்தனியாக எண்ணும் பொறிக்குப் பதின்மூன்று. எழுத்தை எழுத்தாகப் பார்க்கும் அம்மாவுக்கு ஏழு. ட்விட்டர், இன்றைய எக்ஸ், எழுத்தளவு கட்டும்போது பொறியின் பக்கம் நிற்கிறது. 280 என்ற அளவில் எங்கள் ஊர்ப் பெயரை ஒருமுறை எழுதினாலே பதின்மூன்று போய்விடும். தமிழில் எழுதுகிறவர் புள்ளிக்கும் கொம்புக்கும் வாடகை கட்டுகிறார்.

மாஸ்டடான் அம்மாவின் பக்கம். ஜெர்மனியில் ஆய்கன் ரோச்கோ என்ற இளைஞர் 2016-இல் வெளியிட்ட, சமூக வலைக்கான கட்டற்ற மென்பொருள் அது. ஒரு பதிவுக்கு 500 எழுத்து என்பது அதன் வழக்கமான அளவு. அதை எப்படி அளக்கிறது என்று யாரிடமும் மனுப்போட்டுக் கேட்க வேண்டியதில்லை. நிரல் திறந்தே கிடக்கிறது. ரூபி மொழியில் எழுதிய ஒரு சின்னக் கோப்பு; அதில் ஒரே ஒரு வரி. கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரியும் கொத்தை ஒன்றாக எண்ணு என்கிறது அந்த வரி. 'தமிழ்' அங்கே மூன்று. முதுகுளத்தூர் ஏழு. கைப்பேசிச் செயலியின் ஓரத்தில் ஓடும் எண் முன்பின்னாக இருந்தாலும், வாசலில் மரக்காலோடு நிற்கும் சர்வரின் கணக்கு இதுதான். சின்னக் குறை ஒன்று உண்டு: 'ஸ்ரீ'யைப் பிரித்து இரண்டாக எண்ணும். நம் வீட்டுப் பெரியவர்கள் அதை மன்னித்துவிடுவார்கள்.

அதே கோப்பில் இன்னும் இரண்டு நயம். ஓர் இணைய முகவரி எவ்வளவு நீளமானாலும் அதற்கு 23 எழுத்து என்றே கணக்கு. சுட்டி நீளம் என்பதற்காகச் சொல்ல வந்ததைக் குறுக்க வேண்டாம். யாரையாவது விளித்து எழுதினால், அவர் பெயருக்கு மட்டும் கணக்கு. அவருடைய சர்வரின் பெயருக்குக் கணக்கு இல்லை. தொலைவூரில் இருப்பவரைக் கூப்பிடக் கூடுதல் கட்டணம் கிடையாது.

மாஸ்டடானில் ஒருவருடைய பெயர் இரண்டு பகுதி. முதலில் ஆள், பிறகு அவர் இருக்கும் சர்வர். பார்த்தவுடன் எனக்கு நம் சங்கப் புலவர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். கோவூர் கிழார், ஆலத்தூர் கிழார் என்று ஊரைச் சொல்லித்தான் கிழாரைப் பிரித்தறிந்தோம். கணியன் பூங்குன்றனார் பெயரிலும் ஊர் இருக்கிறது. அந்தப் பூங்குன்றம் பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்து இன்று சிவகங்கையில் இருக்கும் மகிபாலன்பட்டி என்பார்கள். 2012 முதல் தமிழில் கட்டற்ற மென்பொருள் பற்றி எழுதிவரும் 'கணியம்' இதழின் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும். இருபது நூற்றாண்டு கழித்து ஊர்ப் பெயர் மறுபடி ஆளோடு ஒட்டிக்கொண்டது. ஒரே பெயரில் இரண்டு சர்வரில் இரண்டு பேர் இருக்கலாம், குழப்பமில்லை. எந்த ஊர் என்று கேட்டால் போதும்.

இந்த ஊர்கள் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பதை எங்கள் பக்கத்து ஆளுக்கு விளக்குவது எளிது. வைகையின் கடைமடை நாங்கள். ஆற்றை நம்பி இங்கே பிழைக்க முடியாது. ஊருக்கு ஒரு கண்மாய். அதற்கென ஒரு கரை, மடை, கலுங்கு, நீர் பாய்ச்ச ஓர் ஆள், ஊர் கூடி வைத்த முறை. மேல்கண்மாய் நிறைந்தால் மறுகால் பாய்ந்து கீழ்க்கண்மாய்க்கு வரும். ஒரே பெரிய அணையிலிருந்து எல்லோருக்கும் அளந்து விடும் ஏற்பாடு அல்ல இது.

மாஸ்டடானும் அதைப் போன்ற மற்ற வலைகளும் சேர்ந்த ஃபெடிவெர்ஸ் அப்படியொரு கண்மாய்ச் சங்கிலி. ஒவ்வொரு சர்வருக்கும் தனி நடத்துநர், தனி விதி. லினக்ஸ் கருநிரலைப் பராமரிப்பவர்களுக்கென்று கெர்னல் டாட் ஆர்க்கே ஒரு சர்வர் வைத்திருக்கிறது. லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அங்கேதான் குடியிருக்கிறார். அவர் எழுதுவது எங்கள் சர்வருக்குத் தானாக வராது. இங்கே ஒருவராவது அவரைப் பின்தொடர வேண்டும். அதுதான் வரத்துக்கால் வெட்டுவது. ஒருவர் வெட்டிய காலில் வந்த தண்ணீர் ஊர் முழுவதற்கும் தெரியும். அவர் எழுதியது பிடித்து நாம் முன்தள்ளினால் மறுகால் பாய்கிறது. ஒரு சர்வரிலிருந்து குப்பையாக வந்தால் மடையை அடைத்துவிடலாம்.

உவமை ஓரிடத்தில் உடைகிறது. அந்த உடைப்பும் அழகுதான். தண்ணீர் கீழே போனால் மேல்கண்மாயில் குறையும். அதற்காகவே எங்கள் ஊர்களில் கரையில் நின்று சண்டை போட்டிருக்கிறார்கள். எழுத்து எத்தனை கண்மாய்க்குப் போனாலும் மேலே குறைவதில்லை. கடைமடைக்காரனுக்கும் முழு அளவு கிடைக்கிறது, வந்த நேரத்தின் வரிசையிலேயே. எது முதலில் என்று இடையில் புகுந்து தீர்மானிக்கும் கணக்குப்பிள்ளை இல்லை.

சர்வர்கள் தமக்குள் பேசும் மொழிக்கு ஆக்டிவிட்டிபப் என்று பெயர். 2018 ஜனவரியில், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அதைத் தரமாக அறிவித்தது. அதில் பயன்படும் சொற்களை ஒருநாள் அக்கா மகன், என் மாப்பிள்ளை, வாசித்துக் காட்டினான். பின்தொடர், ஏற்றுக்கொள், மறு, திரும்பப் பெறு. மனிதர்கள் வாசலில் நின்று பேசிக்கொள்வதைப் போல எல்லாம் வினைச்சொற்கள். இன்னொருவர் எழுதியதை முன்தள்ளுவதற்கு அங்கே 'அறிவி' என்று பெயர். தமுக்கு அடிப்பதுதான். எனக்கு மிகவும் பிடித்தது, அழித்த பதிவுக்கு அவர்கள் வைத்த பெயர். ஒரு பதிவை அழித்தால் அது இருந்த இடத்தில் ஒரு கல் நடலாம். டூம்ஸ்டோன் என்கிறார்கள். என்ன எழுதியிருந்தது என்று சொல்லாது. இங்கே ஒன்று இருந்தது, இந்த நேரத்தில் போய்விட்டது என்று சொல்லும்.

"நடுகல்லுடா மாப்ள" என்றேன்.

"ஆமா மாமா. பேரு வச்சவுகளுக்கு நம்ம ஊரு தெரியாது" என்றான்.

மாஸ்டடானில் லினக்ஸ்காரர்களின் பேச்சில் என்ன சுவை என்று கேட்பவருக்கு நான் சொல்வது 2024 மார்ச் 29-ஆம் தேதி வெளிவந்த கதை. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வேலை செய்யும் ஆந்த்ரேஸ் ஃபிராய்ண்ட் ஏதோ ஒரு மாற்றத்தின் வேகத்தை அளந்துகொண்டிருந்தார். அளவு துல்லியமாக வர வேண்டுமானால் கணினி அமைதியாக இருக்க வேண்டும். அமைதியாக இல்லை. தவறான பயனர் பெயரோடு வந்து உடனே திருப்பி அனுப்பப்படும் தொலைவழி எஸ்எஸ்எச் நுழைவுகள்கூட அளவுக்கு மீறி உழைப்பைத் தின்றன. நுழைவதற்கு ஏறத்தாழ அரை நொடி கூடுதலாகப் பிடித்தது. 'ஆ' என்று ஒரு நெடிலைச் சொல்லி முடிக்கும் நேரம். வேறு யாராக இருந்தாலும் தேநீர் குடிக்கப் போயிருப்பார்கள். அவருக்குச் சில வாரங்களுக்கு முன் சோதனைக் கருவி ஒன்று காட்டிய புரியாத முறையீடும் நினைவுக்கு வந்தது. நூலைப் பிடித்துக்கொண்டே போனார்.

போய்ச் சேர்ந்த இடம் எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருள். அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு கள்ளக் கதவு இருந்தது. அதை வைத்தவர் ஜியா டான் என்ற பெயரில் வந்து, இரண்டாண்டுக்கு மேல் நல்ல பிள்ளையாக உழைத்து, நம்பிக்கை சம்பாதித்து, பராமரிப்பாளர் என்ற திண்ணைக்கே ஏறி உட்கார்ந்தவர். உலகெங்கும் உள்ள லினக்ஸ் சர்வர்களின் முன்வாசலுக்கு ஒரு கள்ளச்சாவி தயாராகியிருந்தது. பெருவாரியான கணினிகளுக்குப் பரவுவதற்கு முன் பிடிபட்டது.

ஃபிராய்ண்ட் முறைப்படி பாதுகாப்பு வல்லுநர்களுக்குத் தெரிவித்தார். மாஸ்டடானிலும் சில பதிவுகளில் சொன்னார். அந்தத் தொனிதான் நான் சுவைப்பது. மார்தட்டல் ஒரு துளி இல்லை. வேறொன்றை அளக்கும்போது தற்செயலாக இது கண்ணில் பட்டது, பல தற்செயல்கள் ஒன்றாகக் கூடி வந்ததால்தான் பிடிபட்டது என்ற அளவில் நிறுத்திக்கொண்டார். அறுப்புக் களத்தில் நெல்லைத் தூற்றும்போது ஒரு கல் சத்தம் மாறிக் கேட்டது என்று சொல்லும் ஆளின் நிதானம். ஏழை ஏழாக எண்ணும் கவனமும் அரை நொடியை அரை நொடியாகக் கேட்கும் கவனமும் ஒரே குடும்பம் என்று அன்று தோன்றியது.

அந்தக் கவனம் வல்லுநர்களிடம் மட்டும் இல்லை. எங்கள் பக்கத்தில் சித்திரங்குடிக் கண்மாய் இருக்கிறது. பறவைகள் சரணாலயம், ராம்சார் ஈரநிலப் பட்டியலில் ஏறியது. ஒரு தை மாதம் மாப்பிள்ளை அங்கே போய்ப் படமெடுத்து மாஸ்டடானில் போட்டான். கொஞ்ச நேரத்தில் முகம் தெரியாத ஒருவர் பணிவாகக் கேட்டார்: படத்துக்கு விவரிப்பு சேர்க்க முடியுமா, நான் திரைவாசிப்பான் வைத்துக் கேட்கிறவன். லினக்ஸில் ஆர்கா என்றொரு திரைவாசிப்பான் உண்டு. ஈஸ்பீக் அதற்குத் தமிழ்க் குரல் கொடுக்கும்.

மாப்பிள்ளை 'நாரை' என்று ஒரு சொல் எழுதினான். எழுதிவிட்டு அவனுக்கே வெட்கமாகிவிட்டது. 1500 எழுத்துவரை இடம் கொடுத்திருக்கிறார்கள், ஒரு சொல்லா? "மாமா, இது என்ன நாரை?" என்று என்னிடம் வந்தான். இருவரும் உட்கார்ந்து எழுதினோம். மஞ்சள் மூக்கு நாரை. நீண்ட மூக்கின் நுனி கொஞ்சம் கீழே வளைந்திருக்கிறது. வெள்ளை உடம்பு, மார்பில் கறுப்புப் பட்டை, வால் பக்கம் குங்குமம் கரைத்துத் தெளித்ததுபோல ஓர் இளஞ்சிவப்பு. முழங்கால் தண்ணீரில் நிற்கும் நாட்டுக் கருவேல மரம், அதில் மூன்று கூடு. பின்னால் கரை, கரைமேல் ஓர் ஆடு. படமெடுத்தபோது ஆட்டை அவன் பார்க்கவே இல்லை. காணாதவருக்காக எழுதப்போய்க் கண்டுகொண்டான்.

இவ்வளவையும் குறிக்கத் தமிழில் என்ன சொல் இருக்கிறது என்று பார்த்தால் அங்கேயும் நயம். ஆங்கிலத்தில் ஃப்ரீ என்ற ஒரே சொல் காசில்லாததையும் சுதந்திரமானதையும் குறித்துத் தடுமாற வைக்கிறது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் பல்லாண்டாக மேடைதோறும் விளக்கிக்கொண்டிருக்கிறார். நாம் 'கட்டற்ற' என்று ஒரே வெட்டாக வெட்டிவிட்டோம். இலவசம் வேறு, கட்டில்லாமை வேறு. ஓப்பன் சோர்ஸுக்கு 'திறமூலம்' என்கிறார்கள். ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. திறந்த மூலம், திறக்கின்ற மூலம், திறக்கும் மூலம். ஒருமுறை திறந்ததோடு முடிவதில்லை என்று இலக்கணமே சொல்லிவிடுகிறது.

சிலர் 'திறவூற்று' என்று எழுதுகிறார்கள். எனக்கு இதுதான் பிடிக்கும். காரணம் ஊர். கோடையில் கண்மாய் வறண்டால் எங்கள் பெண்கள் உள்வாயில் ஊற்றுத் தோண்டுவார்கள். இடுப்பளவு குழி. அடியில் ஒரு கை நீர் ஊறும். சிரட்டையால் அள்ளிக் குடத்தில் ஊற்றி, மறுபடி ஊறும்வரை காத்திருந்து அள்ளுவார்கள். முதலில் தோண்டியவர் குடம் நிறைந்ததும் குழியை மூடிவிட்டுப் போவதில்லை. அடுத்து வருகிறவர் சரிந்த மண்ணை அள்ளி வெளியே போட்டு, இன்னும் ஒரு சாண் ஆழமாக்கி, தன் குடத்தை நிரப்புவார்.

மாப்பிள்ளைக்கு லினக்ஸ் வந்ததும் அப்படித்தான். அரசு கொடுத்த மடிக்கணினியில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. கூடப் படித்த பிள்ளைகள் தொடாத பக்கம் அவன் போனான். தமிழ்99 விசைப்பலகை வரவில்லை என்று மாஸ்டடானில் கேட்டான். ஐபஸ்-எம்17என் என்ற பொதியைப் போட்டுப் பார் என்று யாரோ சொன்னார். ஒரே உயிர்மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும் என்று இன்னொருவர் சேர்த்தார். ககரத்தை இரண்டு தட்டு தட்டி 'க்க' வந்ததைப் பார்த்து அன்று வீட்டையே கூப்பிட்டான்.

போன வாரம் யாரோ ஒரு புதியவர் அதே கேள்வியைக் கேட்டிருந்தார். மாப்பிள்ளை பதில் எழுதிக்கொண்டிருந்தான். பொதியின் பெயர், அமைப்புக்குப் போகும் வழி, இரண்டு தட்டு சங்கதி. கடைசியில் சோதித்துப் பார்க்க ஒரு சொல் கொடுத்திருந்தான்: முதுகுளத்தூர். அதிலும் இரண்டு தகரம் அடுத்தடுத்து வருகிறதே. எட்டிப் பார்த்த அம்மா கேட்டார், "எத்தனை எழுத்துன்னு சொன்னியா?"

"ஏழு அம்மாச்சி" என்றான்.