மறதி யாருடைய குற்றம்?

பாடத்தை மறந்த மாணவனை ‘மந்தன்’ என்று ஒதுக்கி வைப்பது நம் பள்ளிக்கூடங்களின் நெடுநாளைய வழக்கம். நினைவு என்பது பிறவியிலேயே மண்டைக்குள் வைக்கப்பட்ட ஒரு பாத்திரம். சிலருக்குப் பெரிது, சிலருக்குச் சிறிது என்னும் எண்ணமே இவ்வழக்கத்தின் அடிப்படை. இவ்வெண்ணத்தை வன்னி மண்ணில் வைத்துச் சோதித்துப் பார்ப்பது நம் கடமையாகும்.

நினைவை அளந்து ஆராயும் முயற்சியை ஜெர்மானிய அறிஞர் எபிங்கவுஸ் தொடங்கிவைத்தார். பொருளற்ற அசைகளை மனனம் செய்து, அவை எவ்வளவு விரைவில் மறக்கின்றன என்று தம்மையே சோதித்துக் கணக்கிட்டு 1885இல் வெளியிட்டார். அறிவியலுக்கு அது பெருந்தொண்டு. ஆயினும் பொருளை நீக்கி ஆராய்ந்த நினைவு, வாழ்க்கையை நீக்கி ஆராய்ந்த நினைவே. கேம்பிரிட்ஜ் அறிஞர் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட நூல் வேறு வழியைக் காட்டிற்று. வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதையொன்றை ஆங்கிலேயரிடம் படிக்கக் கொடுத்துத் திருப்பிச் சொல்லச் செய்தார். தமக்குப் பழக்கமான உலகுக்கேற்ப மாற்றியே அவர்கள் அதைச் சொன்னார்கள். நினைவு வெறும் பாத்திரமன்று. சமுதாய வாழ்வில் உருவாகும் செயல் என்பது அன்றே தெளிவாயிற்று.

இவ்வழியில் வைத்து நோக்கத்தக்கது, கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்துத் தோமஸ் எல்பேட்டும் அவர்தம் சகாக்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வு. இலங்கையின் வடகிழக்கில் 420 பள்ளிச் சிறுவரை அவர்கள் ஆராய்ந்தனர். உள்ளூர் ஆசிரியர்களுக்கே இதற்கெனப் பயிற்சி தந்தனர். குண்டுவீச்சு, ஷெல்லடி, அன்புக்குரியோரின் மரணத்தைக் கண்ணெதிரே காணுதல் ஆகிய கொடுமைகளுள் ஏதேனும் ஒன்றுக்கு ஆளானோர் நூற்றுக்கு 92 பேர். மனவடு நோய்க்கு உள்ளானோர் நூற்றுக்கு 25 பேர். கொடுமைகள் கூடக்கூட நோயும் கூடிற்று. நினைவுச் சோதனையிலும் பள்ளிப் புள்ளிகளிலும் அதன் தடம் தெரிந்தது.

இது எவ்வாறு நேர்கிறது? ஒரே வேளையில் மனம் ஏந்தி நிற்கக்கூடியவை மிகச் சில செய்திகளே. அழையாமல் வந்து நிற்கும் பயங்கரக் காட்சி அச்சிறிய இடத்தைப் பிடித்துக்கொண்டால், பெருக்கல் வாய்பாட்டுக்கு இடம் ஏது? கதவு அடிபடும் ஓசையை ஷெல்லென்று கேட்கும் செவி பழுதான செவியன்று; உயிர் காக்கப் பழகிய செவி. மறக்க முடியாமல் தவிக்கும் பிள்ளையைத்தான் நாம் மறதிக்காரன் என்கிறோம்!

ஆய்வின் சிறப்பை ஏற்கும் நாம் அதன் எல்லையையும் சொல்லவேண்டும். ஒரு காலத்தில் எடுத்த கணக்கு தொடர்பைக் காட்டும். காரணங்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டாது. குண்டு விழுந்த இடத்தில் பசியும் இருந்தது. இடம்பெயர்ந்த பிள்ளை பள்ளியையும் இழந்தது. 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்கு வந்தோர் பலர். 2008, 2009ஆம் ஆண்டுகளில் கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால்வரை மக்கள் ஓடினர். பின்னர் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் அடைபட்டனர். அம்முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில்தான். இவ்வரலாறு முழுவதையும் ஒரு குழந்தையின் தலைக்குள் ‘நோய்’ என்று அடைத்துவிட இயலுமா?

மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் வன்னி மக்களைப் பற்றி 2010இல் வெளியிட்ட ஆய்வு இக்குறையை நிரப்புகிறது. காயம் பட்டது தனிமனிதர் மட்டுமல்லர்; குடும்பம், ஊர், ஒருவர்மேல் ஒருவர் வைத்த நம்பிக்கை யாவுமே சிதைந்தன என்று காட்டி, இதனைக் கூட்டு மனவடுவாகவே அவர் நோக்கினார். காயம் கூட்டானதாயின் மருந்தும் கூட்டானதாகவே இருக்கவேண்டும். நிலமும் வேலையும், வயிறார உணவும், இறந்தோரை அழுது நினைக்கும் உரிமையும் இன்றி வகுப்பறை மட்டும் தனியே குணமடையாது.

அன்று ஆராயப்பட்ட சிறுவர்கள் இன்று வளர்ந்தவர்கள். அத்தலைமுறையின் பிள்ளைகளே இன்று நம் வகுப்புகளில் அமர்ந்திருக்கின்றனர். கொழும்புப் பிள்ளைக்கும் முல்லைத்தீவுப் பிள்ளைக்கும் ஒரே வினாத்தாளை நீட்டி, அதைச் சமத்துவம் என்கிறது நம் பரீட்சை முறை. ஓடும் பாதையைச் சமமாக்காது ஓட்டத்தை மட்டும் அளப்பது நீதியாகாது.

இவ்விரு ஆய்வுகளும் ஆங்கில ஆய்விதழ்களில் வெளிவந்தவை. ஆனால் அவற்றுக்கு முதல் உரியவர்கள் கரும்பலகை முன்னே நிற்கும் ஆசிரியர்களே. அவற்றைத் தமிழில் கூடிப் படிப்போம், விவாதிப்போம். அதற்கு முன்னரே செய்யத்தக்க சிறு பணி ஒன்றுண்டு. நாளைக் காலை ‘மந்தன்’ என்ற சொல் நாவில் எழும்போது அதை அடக்கி, “உனக்கு என்ன நேர்ந்தது?” என்று கேட்போம்.