குரோமியம் எங்கே போகிறது? சைபர்பங்க் பாடமும் பாலாறும்

சைபர்பங்க்கைக் கல்லூரியில் பாடமாக வைப்பதில் ஒரு சங்கடம் உண்டு. எதிர்காலத்தைப் பற்றி எழுதியதெல்லாம் மாணவர் கைக்கு வருவதற்குள் நாற்பது வருடப் பழசாகிவிட்டது. புரூஸ் பெத்கே 'சைபர்பங்க்' என்ற தலைப்பில் எழுதிய சிறுகதை அச்சானது 1983-ல். வில்லியம் கிப்சனின் 'நியூரோமான்சர்' 1984. புரூஸ் ஸ்டெர்லிங் தொகுத்த 'மிரர்ஷேட்ஸ்' 1986. இவற்றை வரிசையாக எழுதி, ஹேக்கர், சைபோர்க், ராட்சத கம்பெனி என்று அடையாளங்களைப் பட்டியல் போட்டு, 'உயர்ந்த தொழில்நுட்பம், தாழ்ந்த வாழ்க்கை' என்று முடித்தால் பத்து மார்க் வந்துவிடும்.

குடியாத்தத்திலிருந்து தினமும் பஸ் பிடித்துப் போய் எம்.ஏ. ஆங்கிலம் படிக்கும் என் சித்தி மகள் அனுப்பிய நோட்ஸும் அப்படித்தான் இருந்தது. "அண்ணா, நீங்க கம்ப்யூட்டர் ஆளுதானே, இதுல நம்ம ஊருக்கு என்ன இருக்கு?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அந்த நோட்ஸில் எங்கேயும் அதற்கு இடமில்லை.

தமிழில் பதில் தேடினால் எல்லோரும் முதலில் எடுத்து நீட்டுவது சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. 80களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. கிப்சனுக்குச் சமகாலம். ஆனாலும் அது சைபர்பங்க் இல்லை என்றே நினைக்கிறேன். அந்த நாவலில் பெயருக்கு இரண்டெழுத்துக்கு மேல் அனுமதி கிடையாது. குழந்தை பெற அரசாங்கத்தின் உத்தரவு வேண்டும். ஜீவா என்றொரு சர்வாதிகாரி எல்லாவற்றையும் ஆள்கிறார். எதிரி அரசாங்கம்தான். கிப்சனிடம் அரசாங்கம் பெரும்பாலும் கண்ணிலேயே படாது, கம்பெனிகள்தான் உலகை நடத்துகின்றன. இது சுஜாதாவின் குறை அல்ல. லைசென்ஸ் ராஜ் காலத்தில், ஒரு டெலிபோன் இணைப்புக்கு வருஷக்கணக்கில் காத்திருந்த இந்தியனுக்குக் கண்முன் நின்ற அதிகாரம் சர்க்கார் ஆபீஸ்தான். அவர் தன் காலத்தின் பயத்தைச் சரியாகவே எழுதினார்.

இன்னொரு வித்தியாசம். கிப்சன் தன் நாவலைத் தட்டச்சு இயந்திரத்தில் எழுதியவர், கம்ப்யூட்டர் பழக்கம் அவருக்குக் கிடையாது. சுஜாதா பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்தவர், மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் இருந்தவர். கருவியைத் தெரியாதவர் மயங்கிப்போய் எழுதினார். தெரிந்தவர் சிரித்துக்கொண்டே எழுதினார். புத்தகம் படித்துவிட்டு எதிர்க்கேள்வி கேட்கும் ஜீனோ என்ற இயந்திர நாய் அந்தச் சிரிப்பில் பிறந்ததுதான். ஆனால் அந்த நாவலில் தெரு இல்லை. ஜீனோவின் உலோகத்தை உருக்கியவன், அதைக் கழுவிய தண்ணீர், அந்தத் தண்ணீர் போய்ச் சேர்ந்த ஊர் எதுவும் கதைக்குள் வருவதில்லை. சைபர்பங்க்கின் 'தாழ்ந்த வாழ்க்கை' என்ற பாதி அங்கே காலியாகக் கிடக்கிறது.

அந்தக் காலி இடத்துக்குப் பக்கத்தில் வருவது லாவண்யா லட்சுமிநாராயணின் ஆங்கில நூல் 'அனலாக்/வர்ச்சுவல்' (2020). பெங்களூர் இருந்த இடத்தில் 'அபெக்ஸ் சிட்டி'. 'பெல் கார்ப்' என்ற கம்பெனிதான் ஆட்சி. மனிதர்களை பெல் கர்வ் போட்டுப் பிரிக்கிறார்கள். மேலே இருபது சதவீதம், நடுவில் எழுபது, அடியில் பத்து. அந்தப் பத்துக்குள் விழுந்தால் நகரத்தின் வசதிகள் எல்லாம் போச்சு. ஐ.டி.யில் பத்து வருஷம் இருந்தவர்களுக்கு இதில் கற்பனை எது என்றே சந்தேகம் வரும். நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் ஆறு பேர் கொண்ட டீமில் யாராவது ஒருவர் கட்டாயம் 'கீழே' போயாக வேண்டும். ஆறு பேரும் ஒழுங்காக வேலை செய்திருந்தாலும் சரி. அந்த நூலின் பலம் இந்தக் கணக்கை உலகமாகவே விரித்ததில் இருக்கிறது. அதன் பலவீனம், அடித்தட்டுக்காரர்களை அவர்கள் எதை இழந்தார்கள் என்பதை வைத்து அதிகமும், என்ன வேலை செய்கிறார்கள் என்பதை வைத்துக் குறைவாகவும் பார்ப்பது.

இங்கேதான் நம் ஊர் உள்ளே வருகிறது. சைபர்பங்க்குக்கு மிகப் பிடித்த உலோகம் குரோமியம். 1982-ல் கிப்சன் எழுதிய சிறுகதையின் பெயரே 'பர்னிங் குரோம்'. பளபளக்கும் குரோம், கருப்புத் தோல் ஜாக்கெட், கண்ணாடிபோல் மின்னும் கூலிங் கிளாஸ், இதுதான் அந்த வகைமையின் உடுப்பு. அந்த ஜாக்கெட் எங்கே பதனிடப்படுகிறது? குடியாத்தம் லுங்கிக்கும் தீப்பெட்டிக்கும் பேர் போன ஊர். பக்கத்தில் பேரணாம்பட்டு, அந்தப் பக்கம் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை எல்லாம் தோல். ஒருகாலத்தில் ஆவாரம் பட்டையில் ஊறவைத்துப் பதனிட்டார்கள், வாரக்கணக்கில் ஆகும். குரோம் உப்பு வந்தபிறகு வேலை சில நாட்களில் முடிந்தது. டிரம்மிலிருந்து தோல் நீலநிறமாக வெளியே வரும், அதற்கு 'வெட் ப்ளூ' என்று பெயர். மிச்சக் குரோமியம் பாலாற்றுப் படுகைக்குப் போனது.

1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வலுவாக ஊன்றியது அதில்தான். குரோம் முறையில் சுமார் 170 வகை ரசாயனங்கள், தோல் பட்டையில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பாழ் என்ற கணக்கெல்லாம் தீர்ப்பிலேயே இருக்கிறது. அந்நியச் செலாவணி, ஏற்றுமதி, குடிக்க முடியாத கிணறு மூன்றும் ஒரே பக்கத்தில் வருகின்றன. 'உயர்ந்த தொழில்நுட்பம், தாழ்ந்த வாழ்க்கை'க்கு இதைவிட நல்ல உரை எனக்குத் தெரியாது. சைபர்பங்க் பாடத்தில் 'பர்னிங் குரோம்' பக்கத்தில் இதையும் வைத்துப் படிக்கலாம்.

பாடத்தின் இரண்டாம் பாதியான டிஜிட்டல் இலக்கியத்துக்கும் இதே கதைதான். மைக்கேல் ஜாய்ஸ் 1987-ல் எழுதிய 'ஆஃப்டர்நூன்' என்ற ஹைப்பர்டெக்ஸ்ட் கதையிலிருந்து தொடங்குகிறார்கள். வாசகர் எந்தச் சொல்லைச் சொடுக்குகிறாரோ அதற்கேற்பக் கதை நகரும். தமிழில் நடந்தது வேறு. 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம் பழைய நூல்களை மின்னெழுத்தாக்கியது. ஆனால் அச்சு நூலை மின்னூலாக்குவது வேறு, கணினியிலேயே பிறக்கும் இலக்கியம் வேறு. இரண்டாவது நம்மிடம் குறைவு. ஏன் என்றால், நம் முதல் தலைமுறை இணைய எழுத்தாளர்களின் சக்தி எழுத்துருவிலேயே கரைந்தது. திஸ்கி, டாம், டாப் என்று ஆளுக்கொரு குறியேற்றம். யூனிகோடு பரவலானபோது பழைய பக்கங்கள் பல கட்டங்களாகவும் புரியாத லத்தீன் குறிகளாகவும் மாறிப்போயின. கதையைச் சொடுக்கி விளையாடும் முன், எழுத்து எழுத்தாகத் தெரிவதே நமக்குப் போராட்டம். அந்தப் போராட்டமும் டிஜிட்டல் இலக்கிய வரலாறுதான், பாடத்தில் அதற்கு ஒரு பக்கமாவது வேண்டும்.

அவளுக்கு நான் எழுதி அனுப்பியது இவ்வளவுதான்: நோட்ஸில் இருப்பதை எழுதி மார்க்கை வாங்கிக்கொள். ப்ராஜெக்ட் என்று வரும்போது மட்டும் சைபோர்க்கை விட்டுவிட்டு ஒரு ஜோடி ஷூவை எடு. பதனிட்ட டிரம், தைத்த கை, கலந்த ஆறு, விற்ற செயலி என்று பின்னோக்கிப் போய் எழுது. கதையாக வந்தால் இன்னும் நல்லது. தமிழில் அந்த நாவலை இதுவரை நான் படித்ததில்லை, படிக்க ஆசையாக இருக்கிறது.