ஆபுத்திரனும் வேள்விப் பசுவும்

தமிழிலக்கியத்தில் உயிரிரக்கம் பற்றி எழுதுவோர் மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனையும், கன்றை இழந்த பசுவுக்கு முறைசெய்த சோழனையும் எடுத்துக்காட்டி அமைவர். அவை போற்றத்தக்கனவே. எனினும், பேகன் செயல் கொடைமடம் எனப்பட்டு வள்ளலின் புகழாகவே முடிகின்றது. மயிலின் நிலை அங்கு விரித்துப் பேசப்படவில்லை. விலங்கு படும் துன்பத்தையே அறத்தின் தொடக்கமாக வைத்துப் பாடிய பகுதி ஒன்று உண்டாயின், அது மணிமேகலையின் 13ஆம் காதையாகிய ‘ஆபுத்திரன் திறம் அறிவித்த காதை’யேயாம். அதனைச் சிறிது ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கம்.

கதை அறிஞர் அறிந்ததே. சாலி என்பாள் கைவிட்ட குழவியை ஒரு பசு ஏழுநாள் பாலூட்டிக் காத்தது. வயனங்கோட்டு இளம்பூதி அக்குழவியை எடுத்து வளர்த்து மறை ஓதுவித்தான். வளர்ந்த ஆபுத்திரன் அவ்வூர் அந்தணன் ஒருவன் மனையில் வேள்விக்கெனக் கட்டப்பட்ட பசுவைக் காண்கின்றான். கொம்பில் மாலை சுற்றப்பெற்று, வலைப்பட்ட மான்போல அஞ்சிப் பெருமூச்செறிந்து கதறும் அப்பசுவைக் கண்டு நெஞ்சு நடுங்கிக் கண்ணீர் உகுத்து, நள்ளிருளில் அதனைக் கொண்டு செல்கின்றான்.

இங்கு ஒன்று நோக்கத்தக்கது. பசுவால் வளர்க்கப்பட்டவன் பசுவைக் காப்பது நன்றிக்கடன் என்று பாடுதற்கு ஆசிரியர்க்கு வழி திறந்தே இருந்தது. ஆயினும் சாத்தனார் அவ்வழிச் சென்றாரல்லர். பழைய பாலை ஆபுத்திரன் அந்நேரத்தில் நினைத்தான் என்று ஒரு சொல்லும் இல்லை. கண்டான், நடுங்கினான், அழுதான், துணிந்தான் என்ற அடைவே உள்ளது. பசுவின் துயரமே அவன் செயலுக்குப் போதிய காரணம் ஆயிற்று என்பது இதனாற் பெறப்படும். வாதம் பின்னரே வருகின்றது. அதுவும் தனக்காக அன்று, தன்னைப் பிடித்து அடித்தவர்க்காகவே கூறப்படுகின்றது.

அவ்வாதத்தின் சாரம் இது: வெறிதே விட்ட நிலத்துப் புல்லை மேய்ந்து, உலகத்து மக்கட்கெல்லாம் பிறந்த நாள்தொட்டு அருள்சுரந்து பாலூட்டும் இவ்வுயிரோடு உங்கட்கு என்ன பகை? பயன் தருவதனாற் காக்கவேண்டும் என்னும் வாதம் இது என்றும், பால் தாராத விலங்குகட்கு இது பொருந்தாது என்றும் ஒரு தடை எழலாம். அத்தடை முற்றும் தள்ளத்தக்கதன்று. ஆயினும், அருளும் அறநெஞ்சும் ஈண்டுப் பசுவின்மேலேயே ஏற்றிக் கூறப்படுகின்றன. அருள் பெறுவதற்குரிய பொருளாக மட்டுமன்றி, அருளை உடைய உயிராகவும் பசு நிற்கின்றது. அன்றியும், அவன் வினவியது பயனைப் பற்றியதன்று, பகையைப் பற்றியது. பகை செய்யாத உயிரைக் கொல்லுதற்குக் காரணம் காட்டவேண்டியவர் கொல்பவரே என்பது அவ்வினாவின் ஆற்றல். அது பசுவோடு நில்லாது.

இனி, இக்காதை வேள்வியைப் பழிக்க எழுந்த சமயப் பூசலேயன்றிப் பிறிதில்லை என்பாரும் உளராகலாம். பூசல் உண்டு என்பதை மறுத்தல் இயலாது. ஆனால், பூசல் ஒன்றே நோக்கமாயின் தன் தலைவனைக் குற்றமற்றவனாகக் காட்டுவதே புலவர்க்கு எளிது. சாத்தனார் அவனைக் களவு செய்ய வைக்கின்றார். அவனை அலைத்த ஆசிரியனை அப்பசு குடர் சரியக் குத்திக் காட்டிற்கு ஓடுகின்றது. வளர்த்த தந்தையும் அவனைக் கைவிடுகின்றான். அந்தணர் ஊர்களில் அவன் பிச்சைக் கலத்திற் கல் இடுகின்றனர். விலங்குக்கு இரங்கியவன் அதற்கு விலை கொடுத்தான் என்பதை மறையாது கூறுவதாலேயே இப்பகுதி பிரசாரத்தின் எல்லையைக் கடந்து காப்பியமாகின்றது.

பிற நூல்களோடு ஒப்பிடின் இதன் தனித்தன்மை விளங்கும். பெரியபுராணத்துச் சோழன் அரசன். கன்று இறந்த பின்னரே அவன் முறை தொடங்குகின்றது. யசோதர காவியத்தில் மாவாற் செய்த கோழியைப் பலியிட்டவனும் அவன் தாயும் விலங்குப் பிறவிகளில் உழல்கின்றனர். கொல்லும் எண்ணமே கொலை என்னும் சமண நுட்பம் அங்கு உயர்ந்தது. எனினும், பலிபீடத்தில் உயிருள்ள விலங்கு இல்லை, கவலை முழுதும் செய்தவன் வினையைப் பற்றியதே. மணிமேகலையிலோ அதிகாரம் ஏதுமில்லாத இளைஞன் ஒருவன், கொலைக்கு முன்னரே, உயிருள்ள விலங்கின் பொருட்டுத் தலையிடுகின்றான்.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. கோயில்களில் விலங்கு, பறவைகளைப் பலியிடுவதைத் தடுக்கச் சென்னை மாநிலத்தில் 1950இல் இயற்றப்பட்ட சட்டம் 2004இல் நீக்கப்பட்டது. விலங்குவதைத் தடுப்புக்கென 1960இல் இயற்றப்பட்ட இந்தியச் சட்டம் ‘தேவையற்ற’ நோவையே குற்றமாகக் கருதுகின்றது; ஒரு சமூகத்தின் சமயம் வேண்டும் முறையிற் கொல்லுதலை அதன் 28ஆம் பிரிவு விலக்கி வைத்தது. சட்டம் தேவையை அளக்கின்றது. தேவை எது என்று உரைப்பவர் மக்களேயாவர். ஆபுத்திரனை அடித்தவர்க்கும் வேள்வி தேவையாகவே தோன்றிற்று. எளியோர் வழிபாட்டைச் சட்டத்தால் நெருக்குதல் முறையோ என்ற வினாவுக்கும் இடமுண்டு. அதனை இக்காதை தீர்த்துவைக்கவில்லை. ஆனால், அவ்வழக்கில் கட்டுண்டு நிற்கும் உயிரையும் ஒரு தரப்பாக நிறுத்தி அதன் சார்பில் வினவுகின்றது.

ஆபுத்திரன் மதுரையில் இரந்துண்டு, குருடர்க்கும் செவிடர்க்கும் முடவர்க்கும் ஊட்டிய பின்னரே எஞ்சியதை உண்டான். அதன் பின்னரே அமுதசுரபி அவன் கையில் வந்தது. பசிப்பிணி தீர்க்கும் அறத்தை மணிமேகலையின் உயிர்க்கருத்தென்பர். அவ்வறத்தின் முதற்படி ஒரு பசுவின் அச்சத்தைக் கண்டு அழுத கண்ணீரே என்பதைப் புலவர் கதையின் அடைவிலேயே வைத்துக் காட்டினார். விலங்குக்கு இரங்குதல் மக்கட்கு இரங்குதலின் மிச்சமன்று, அதன் தோற்றுவாய் என்பது இக்காதையாற் கொள்ளப்படும். இதனை ஆய்வு மாணவர் மேலும் விரித்து ஆராய்வாராக.