கிடுகு வேலி

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள பாசிக்குடாவில் முருகைக்கற்பார் அலையை மறிப்பதால் கடலுக்குள் வெகுதூரம் நடந்தே போகலாம். 2009இல் போர் முடிந்தபின் அங்கே விடுதிகள் பெருகின. ஆனால் இந்தக் கரையில் குடியிருப்பதன் நுட்பம் வடக்கே மாங்கேணிப் பக்கத்துக் கிடுகு வேலியில்தான் இருக்கிறது. தென்னை மட்டையை நெடுகப் பிளந்து, தண்ணீரில் ஊறப்போட்டு, ஓலைகளை ஒன்றுவிட்டு ஒன்று மடித்துப் பின்னுகிறார்கள். வளவுக்கு மறைப்பும் கிடைக்கிறது, கடற்காற்றும் கசிந்து உள்ளே வருகிறது. மதில் இரண்டாவதைத் தராது.

ஓரிரு மாரியில் கிடுகு உக்கிவிடும் என்பார்கள், உண்மைதான். உப்புக்காற்றில் மதிலுக்குள் இருக்கும் கம்பியும் துருவேறி வெடிக்கும். அதைத் திருத்தச் சீமெந்தும் மேசனும் வேண்டும். கிடுகுக்கு வளவுத் தென்னை போதும், உக்கியதும் அதன் அடிக்கே பசளை. புயலுக்கு நிற்காது என்பதும் சரியே. 1978 நவம்பர்ச் சூறாவளியில் தென்னைகளே சாய்ந்தன. ஆனால் விழுந்த மதில் ஆளைக் கொல்லும். விழுந்த வேலியைத் தூக்கிக் கட்டலாம்.