கைமாற்றி விற்கும் உழைப்பு

ஒரு நிறுவனத்துக்கு இணையதளம் அமைத்துத் தருவதாக ஒப்புக்கொள்வது. அந்த வேலையை ஃபைவர், அப்வொர்க் போன்ற வேலைத் தளங்களில் இருக்கும் ஃப்ரீலான்சரிடம் குறைந்த தொகைக்குக் கொடுத்துச் செய்து வாங்குவது. தன் பெயரில் ஒப்படைத்து இடைப்பட்ட பணத்தை எடுத்துக்கொள்வது. ட்ராப் சர்வீசிங் என்று பெயர் பெற்றுவிட்ட இம்முறையை வெறும் தரகு என்று தள்ளுவதும் எளிது, முதலீடில்லாத தொழில் என்று கொண்டாடுவதும் எளிது. இரண்டும் மதிப்பீடாகா. எடுக்கும் லாபத்துக்கு ஈடாக நடுவில் நிற்பவர் வேலையில் எதைச் சேர்க்கிறார் என்பதே உரிய அளவுகோல்.

சேர்ப்பதற்கு இடம் நிறையவே இருக்கிறது. தமக்கு என்ன வேண்டும் என்பதை எழுதித் தரத் தெரியாத வாடிக்கையாளர்கள் பலர். அவர்களுடைய அரைகுறை விருப்பத்தைத் தெளிவான வேலைக்குறிப்பாக்குவது, தகுதியானவரைக் கண்டெடுப்பது, வந்ததைச் சோதித்துத் திருத்தி வாங்குவது, கெடு தவறினால் தானே பதில் சொல்வது ஆகிய ஒவ்வொன்றும் திறன். ஒவ்வொன்றுக்கும் கூலி உண்டு. வாடிக்கையாளரைத் தேடும் அலைச்சல் குறைவதால் ஃப்ரீலான்சருக்கும் ஆதாயமே.

குறை, முறையின் அடித்தளத்தில் இருக்கிறது. இதைக் கற்றுத்தரும் காணொளிகளும் கட்டண வகுப்புகளும் வேலை தெரிந்திருக்கத் தேவையில்லை என்பதையே பெரும் கவர்ச்சியாக முன்வைக்கின்றன. லாபத்தை நியாயப்படுத்தக்கூடியது தேர்ந்த கண் ஒன்றுதான். அது வேண்டாம் என்று சொல்லியே முறை விற்கப்படுகிறது. நிரல் வாசிக்கத் தெரியாதவர், பாதுகாப்பு ஓட்டையுள்ள தளத்தை என்ன காரணம் சொல்லித் திருப்பி அனுப்புவார்? இந்த முரண்பாட்டுக்கு அவ்வகுப்புகளில் விடை இல்லை.

கணக்கையும் பார்க்கலாம். வாடிக்கையாளர் தருவது 20,000 ரூபாய், ஃபைவரில் வேலை முடிவது 6,000 ரூபாய்க்கு என்று வைத்துக்கொள்வோம். ஃப்ரீலான்சரின் வருவாயில் அத்தளம் 20 சதவீதம் பிடித்துக்கொள்ளும். செய்தவர் கைக்கு வருவது 4,800. விகிதத்தை மட்டும் வைத்துக் குற்றம் சாட்ட முடியாது. நடுவில் நின்ற 14,000 ரூபாயில் சோதனையும் திருத்தமும் உத்தரவாதமும் அடங்கியிருந்தால் அது விலை. அடங்காவிட்டால், விவரம் தெரியாததற்காக வாடிக்கையாளர் கட்டிய தண்டம்.

உரிமைப் பிரச்சினை இன்னும் கடினமானது. அதிகம் பேசப்படாததும் இதுவே. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 17ஆம் பிரிவின்படி, சில விலக்குகள் தவிர, படைத்தவரே முதல் உரிமையாளர். ஊழியராக அல்லாமல் வெளியிலிருந்து எழுதித் தரும் ஃப்ரீலான்சருக்கு இது பொருந்தும். உரிமை கைமாற வேண்டுமானால் 19ஆம் பிரிவின்படி அது எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றே கொள்ளப்படும். இந்த வியாபாரத்தில் உரிமை இரண்டு முறை கைமாற வேண்டும்: ஃப்ரீலான்சரிடமிருந்து நடுவில் நிற்பவருக்கு, அவரிடமிருந்து வாடிக்கையாளருக்கு. முதல் கைமாற்றத்தைத் தளத்தின் விதிமுறைகள் ஓரளவு கவனித்துக்கொள்ளலாம். இரண்டாவதற்கு நடுவில் நிற்பவர்தான் ஒப்பந்தம் எழுத வேண்டும். எழுதாதவர் தன்னிடம் முழுமையாக இல்லாத ஒன்றையே விற்கிறார்.

இனி, லாபத்தை வாடிக்கையாளரிடம் மறைக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வி. வாங்கி விற்கும் இதே வழியாக விளம்பரத் துறை முன்பே நடந்திருக்கிறது. அமெரிக்காவில் விளம்பர ஏஜென்ட் ஜார்ஜ் ரோவெல் 1860களில் பத்திரிகை இடத்தை மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்றார். பத்திரிகைக்கு உண்மையில் போன தொகை விளம்பரதாரருக்குத் தெரியாமல் இருப்பதே அன்றைய ஏஜென்ட்டுகளின் பலம். 1870களில் ஃபிலடெல்ஃபியாவின் என். டபிள்யூ. அயர் நிறுவனம் திறந்த ஒப்பந்தம் கொண்டுவந்தது: பத்திரிகை விலை இது, எங்கள் கமிஷன் இது என்று வாடிக்கையாளரிடமே காட்டியது. லாபத்தை மறைத்தால்தான் பிழைக்க முடியும் என்ற வாதத்துக்கு இதைவிட வலுவான மறுப்பு வேண்டியதில்லை.

தனக்குத் தெரிந்த துறையில் நின்று, வேலை வெளியாள் செய்வது என்பதை முன்கூட்டிச் சொல்லி, உரிமையை எழுத்தில் வாங்கி எழுத்தில் கொடுத்து, தானே சோதித்து ஒப்படைப்பவர் ஒரு சிறு ஏஜென்சி நடத்துகிறார். அவருடைய லாபம் உழைத்துப் பெற்றது. இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் அது அரைகுறைத் தொழில். நான்கும் இல்லாமல் கற்றுத்தரப்படும் வடிவத்தில் இது நிராகரிக்கத்தக்கது.